வீட்டுக்குத் தெரியாமல் டென்ஷனைச் சமாளிக்க முடியுமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 43. தனியார் நிறுவனத்தில் டீம் லீடர். போன வருடம் ஆட்குறைப்பில் என் டீமில் பாதிப் பேர் போய்விட்டார்கள். வேலை மட்டும் குறையவில்லை. அடுத்த பட்டியலில் என் பெயர் இருக்குமோ என்ற பயம் எப்போதும் உண்டு. வீட்டுக் கடன் இன்னும் பல வருடங்கள் பாக்கி. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. சில சமயம் நெஞ்சு படபடக்கிறது. தூக்கத்துக்காக இரண்டு பெக் எடுப்பது முன்பு வாரக் கடைசியில் மட்டும்தான், இப்போது பெரும்பாலான நாட்களில். ஆனால் ஒன்று, ஆபீஸ் பிரச்சினையை நான் வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை. யாரிடமும் கத்தியதும் இல்லை. அம்மாவுக்கு ஞாபக மறதி நோய். எங்களோடுதான் இருக்கிறார், மனைவி பார்த்துக்கொள்கிறாள். பத்து வயது மகன் அடிக்கடி வயிற்று வலி என்கிறான், முக்கியமாக ஞாயிறு சாயங்காலம். டாக்டர் பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். "நீங்க வீட்ல இருந்தும் இல்லாத மாதிரிதான்" என்கிறாள் மனைவி. மூச்சுப் பயிற்சி ஆப் ஒன்றை ஒரு வாரம் செய்து பார்த்தேன், பலன் இல்லை. குடும்பத்துக்குத் தெரியாமல், அவர்களைப் பாதிக்காமல், இந்த ஸ்ட்ரெஸ்ஸை எப்படிச் சமாளிப்பது?

பதில்: வணக்கம். சமாளிக்க வழிகள் இருக்கின்றன, சொல்கிறேன். ஆனால் குடும்பத்துக்குத் தெரியாமல் சமாளிக்கும் வழி என்று ஒன்று இல்லை. ஏனென்றால் அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். என்ன விஷயம் என்று தெரியாது, அவ்வளவுதான். ஏதோ சரியில்லை என்பது மனைவிக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். காரணம் தெரியாமல் கவலை மட்டும் வந்து சேர்வது, முழு விஷயமும் தெரிவதைவிட மோசமான நிலை.

நீங்கள் கத்தவில்லை, எரிந்து விழவில்லை. அது நல்ல விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அடக்கி வைப்பதும் பக்கத்தில் இருப்பவரைத் தொடத்தான் செய்கிறது. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முன்பின் அறிமுகமில்லாத பெண்களை இருவர் இருவராக உட்காரவைத்து, மனதைக் கலங்கடிக்கும் படம் ஒன்றைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும், "உணர்ச்சி எதையும் வெளியே காட்டாதீர்கள்" என்று சொல்லி வைத்தார்கள். எதிரில் இருந்தவருக்கு அது தெரியாது. ஆனாலும் அவருடைய இரத்த அழுத்தம் ஏறியது. இத்தனைக்கும் அவர்கள் அன்றைக்குத்தான் சந்தித்தவர்கள். உங்கள் மனைவி பல வருடங்களாக உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் அடியில் நடக்கிறது. 2014-இல் வந்த வேறோர் ஆய்வில், ஒரு வயதைத் தாண்டிய கைக்குழந்தைகளின் அம்மாக்களைத் தனியே அழைத்துப் போய், சிடுசிடுவென்ற நடுவர்கள் முன்னால் பேசவைத்தார்கள். குழந்தை அந்த அறையில் இல்லை, எதையும் பார்க்கவில்லை. ஆனால் அம்மா திரும்பி வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டதும், குழந்தையின் இதயமும் அம்மாவின் பதற்றத்தைப் பின்பற்ற ஆரம்பித்தது. பேச்சே வராத குழந்தைக்கு இது எட்டுகிறது என்றால், பத்து வயதுப் பையனுக்கு எட்டாமலா இருக்கும்?

அதனால் மகனிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். டாக்டர் "ஒன்றுமில்லை" என்றதற்கு, குடலில் நோய் எதுவும் தெரியவில்லை என்றுதான் பொருள். அவனுக்கு வலிக்கவில்லை என்று பொருள் இல்லை. மூளைக்கும் குடலுக்கும் நரம்பு வழியாக நேரடித் தொடர்பு உண்டு. பதற்றம் வரும்போது குடலின் அசைவு மாறுகிறது, வலியை உணரும் அளவும் கூடுகிறது. சிறு பிள்ளைகளுக்குத் தங்கள் கவலையைச் சொல்லத் தெரியாது, வயிறுதான் அவர்களுக்காகப் பேசும். ஞாயிறு சாயங்காலம் என்கிறீர்கள். பள்ளியில் ஏதாவது தொந்தரவா என்று கண்டிப்பாக விசாரியுங்கள், வகுப்பு ஆசிரியரிடமும் பேசுங்கள். கூடவே இதையும் யோசித்துப் பாருங்கள்: ஞாயிறு சாயங்காலம் உங்கள் முகம் எப்படி இருக்கும்? திங்கட்கிழமையை நினைத்து அந்த வீட்டில் முதலில் இறுகிப்போகிறவர் யார்?

பெரியவர்கள் காரணத்தைச் சொல்லாவிட்டால் குழந்தைகள் தாங்களாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அந்தக் காரணம் அவர்களேதான். "நான் மார்க் குறைவாக வாங்கியதால்தான் அப்பா பேசமாட்டேன் என்கிறார்" என்கிற மாதிரி. ஆகவே அவனிடம் சொல்லுங்கள். நீளமாக வேண்டாம். "அப்பாவுக்கு ஆபீஸ்ல இப்போ வேலை ரொம்ப அதிகம். அதனாலதான் சில நாள் பேசாம இருக்கேன். அதுக்கு நீ காரணம் இல்ல. அதை எப்படிச் சரிபண்றதுன்னு அப்பாவும் அம்மாவும் பார்த்துக்குவோம்." இந்த நாலு வரி போதும். கடன் எவ்வளவு, வேலை போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவனுக்கு வேண்டாம். அவன் கேட்டால் பொய் சொல்லாமல் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். ஒரே தடவை சொல்லிவிட்டு விட்டுவிடாமல் அவ்வப்போது இன்னொரு முறையும் சொல்லுங்கள். வயிறு வலிக்கும்போது "டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டார், சும்மா நடிக்காதே" என்பது மட்டும் கூடவே கூடாது. அதற்காகப் பள்ளிக்கு லீவு போட்டு வீட்டில் உட்காரவைக்கவும் வேண்டாம், அது வலியை நிலைக்கச் செய்துவிடும். எடை குறைந்தாலோ, வாந்தி, காய்ச்சல், மலத்தில் இரத்தம் என்று இருந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வலி வந்தாலோ மறுபடியும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி உங்கள் உடம்பு.

ஆபத்தைப் பார்த்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து, இதயம் வேகமெடுத்து, தசை இறுகி, உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராவதை வால்டர் கேனன் என்ற உடலியலாளர் 1915 வாக்கில் விளக்கினார். 1936-இல் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் இன்னொன்றைக் காட்டினார். தாக்கும் பொருள் எதுவானாலும் உடம்பு காட்டும் எதிர்வினை ஏறக்குறைய ஒன்றுதான்: முதலில் அபாய எச்சரிக்கை, பிறகு தாக்குப்பிடித்தல், அதுவும் நீண்டுகொண்டே போனால் களைத்து விழுதல். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது நடுக்கட்டம். தாக்குப்பிடிக்கும் காலத்தில் வெளியே எல்லாம் ஒழுங்காகவே தெரியும். மீட்டிங் போவீர்கள், ரிப்போர்ட் அனுப்புவீர்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உள்ளே மட்டும் கார்டிசால் என்ற ஹார்மோனை உடம்பு தேவைக்கு மேல் நாள் கணக்கில் செலவு செய்துகொண்டிருக்கும். "நான் நன்றாகத்தானே சமாளிக்கிறேன்" என்று பலரும் நம்புவது இந்தக் கட்டத்தில்தான். உங்கள் கடிதமும் அங்கிருந்து எழுதப்பட்டது என்று நினைக்கிறேன்.

மூன்று மணி முழிப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. கார்டிசால் நள்ளிரவை ஒட்டி மிகவும் தாழ்ந்திருக்கும், பின்னிரவில் மெல்ல ஏற ஆரம்பித்து, விழித்தெழுந்த அரை மணி, முக்கால் மணிக்குள் உச்சம் தொடும். பின்னிரவில் எல்லாருக்குமே தூக்கம் ஆழம் குறைந்துதான் இருக்கும். மனதில் பயமும் இருந்தால் அந்த நேரத்தில் சட்டென்று முழிப்பு வருவதில் ஆச்சரியமில்லை. இதோடு அந்த இரண்டு பெக். மது தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும், உண்மைதான். ஆனால் உடம்பு அதைக் கரைத்து முடிக்கும்போது, இரவின் இரண்டாவது பாதியில், அதே மது தூக்கத்தைக் கலைத்துவிடும். தூங்குவதற்காகக் குடிப்பது, அதனாலேயே மூன்று மணிக்கு முழிப்பது, மறுநாள் களைப்போடு வேலை பார்ப்பது, ராத்திரி மறுபடி குடிப்பது. வாரக் கடைசியாக இருந்தது பெரும்பாலான நாட்களாகிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வரி அதுதான். குறைக்க ஆரம்பியுங்கள். அதோடு, தினமும் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீண்ட நாள் அதிகமாகக் குடித்து வருபவர் ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரை போகலாம், அதனால் டாக்டருடைய மேற்பார்வையில் செய்வதே நல்லது.

நெஞ்சுப் படபடப்பையும் "ஸ்ட்ரெஸ்தான்" என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட வேண்டாம். பி.பி., சர்க்கரை, தைராய்டு, ஈ.சி.ஜி. எல்லாவற்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். படபடப்போடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மூன்று மணிக்கு முழித்தால் என்ன செய்வது? கடிகாரத்தையும் போனையும் பார்க்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியம் குறைந்த எதையாவது செய்யுங்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டும் திரும்பிப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மாற்ற வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் மிகக் குறைவாக இடம் பெற்றிருக்கும் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். ஆபீஸுக்கு நாலைந்து வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். "மனைவி பார்த்துக்கொள்கிறாள்" என்பது இரண்டே சொல். ஞாபக மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன தெரியுமா? ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வது, ராத்திரியில் எழுந்து நடமாடுகிறவரைத் திரும்பப் படுக்கவைப்பது, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவாரோ என்று எந்நேரமும் ஒரு காதைத் தீட்டி வைத்திருப்பது, சமயத்தில் "நீ யார்" என்று கேட்கும்போது சிரித்துச் சமாளிப்பது. லீவு, ஷிப்ட் முடியும் நேரம் எதுவும் இல்லை. 1995-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஞாபக மறதி நோயுள்ள உறவினரைப் பராமரிக்கும் பெண்களுக்கும், அதே வயதுள்ள மற்றப் பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் உண்டாக்கி, ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். பராமரிக்கும் பெண்களுக்குச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாகின. அவ்வளவு சின்னக் காயத்துக்கே இப்படி.

ஆக, உங்கள் வீட்டில் ஸ்ட்ரெஸ் இருப்பது ஒருவருக்கு மட்டும் இல்லை. நீங்கள் ஒன்றை மறைக்கிறீர்கள், மனைவி ஒன்றை மறைக்கிறார், மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். மூன்று பேரும் மற்றவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்றுதான் நினைக்கிறீர்கள். பாசத்தில் குறை எதுவும் இல்லை, பேச்சுதான் இல்லை.

அதனால் நான் சொல்லும் முதல் வேலை, மனைவியிடம் உட்கார்ந்து பேசுவது. மகன் தூங்கிய பிறகு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அரை மணி நேரம். ஆட்குறைப்பு, பயம், கடன், முழிப்பு, படபடப்பு, பெக் எல்லாவற்றையும் சொல்லுங்கள். "உன்னைக் கவலைப்படுத்த வேண்டாம்னுதான் சொல்லல" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கோபப்படலாம். "இத்தனை நாளா ஏன் சொல்லல" என்று அழலாம். கட்டாயம் பேச்சு சுமுகமாகத்தான் முடியும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. இதயம் படபடவென்று அடிக்க, வார்த்தை தடிக்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் யார் காதிலும் எதுவும் ஏறாது, உடம்பு தணிய இருபது நிமிடமாவது வேண்டும். ஆனால் எழுந்து போகும்போது "அரை மணியில் வர்றேன், பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி திரும்பி வாருங்கள்.

அப்புறம் இதைத் தினசரிப் பழக்கமாக்குங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கிறார். யோசனை சொல்லக் கூடாது, அவர் கேட்டால் ஒழிய. ஆண்களுக்கு இது கடினம் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் பார்வையில் வீட்டை நிர்வகித்துப் பழகிய பெண்களுக்கும் அதே அளவு கடினம்தான், எல்லாருக்கும் தீர்வு சொல்லத்தான் நாக்கு துடிக்கிறது. அன்றைக்குச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்தாலும் பரவாயில்லை.

வேலையிலிருந்து வந்ததும் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்பது இயல்பானதுதான். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை வைத்து 1980-களில் ரீனா ரெபெட்டி என்ற உளவியலாளர் செய்த ஆய்வில், விமானங்கள் அதிகமாக வந்துபோன நாட்களில் அவர்கள் வீட்டில் கூடுதலாக ஒதுங்கியே இருந்தார்கள். ஒதுங்குவது மனதுக்கு ஓய்வு. அதைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். "இன்னைக்கு மோசமான நாள், எனக்கு இருபது நிமிஷம் வேணும்" என்று வாசலிலேயே சொல்லிவிடலாம். இருபது நிமிடம் முடிந்ததும் எழுந்து வந்துவிட வேண்டும், அது முக்கியம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் நீங்கள் "உதவி" செய்ய வேண்டாம். சில வேலைகளை முழுதாக உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உதாரணமாக, மாத்திரைகள் வாங்குவது, டாக்டர் தேதியை நினைவில் வைத்து அழைத்துப் போவது, சனிக்கிழமை காலை முதல் சாயங்காலம் வரை முழுப் பொறுப்பு. அந்த நேரத்தில் மனைவி எங்கே போகிறார், என்ன செய்கிறார் என்று கணக்குக் கேட்கக் கூடாது. வீட்டிலேயே இருந்தால் நீங்கள் ஒவ்வொன்றுக்கும் அவரைக் கூப்பிடுவீர்கள், அதனால் வெளியே போவதே நல்லது. கூடப் பிறந்தவர்கள் இருந்தால், "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. எந்த வாரம், எத்தனை நாள், அல்லது ஆள் வைப்பதற்கு மாதம் எவ்வளவு என்று குறிப்பாகக் கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். அம்மா உங்கள் ஒருவருக்கு மட்டும் அம்மா இல்லை என்றால், கேட்பதில் தப்பும் இல்லை.

ஆபீஸ் விஷயத்தை நான் முழுதாகத் தீர்த்துவைக்க முடியாது. ஆட்குறைப்பு உங்கள் கையில் இல்லை. வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-இல் சொன்ன ஒரு கருத்து இங்கே உதவும்: வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை, வேலை அதிகமாகவும் அதன் மேல் தன் பிடி குறைவாகவும் இருக்கும்போதுதான் நிலைமை மோசமாகிறது. எனவே எங்கெல்லாம் கொஞ்சம் பிடி கிடைக்குமோ அங்கெல்லாம் பிடியுங்கள். கையில் இருக்கும் வேலைகளைப் பட்டியல் போட்டு மேலதிகாரியிடம் கொண்டுபோய், "இத்தனை ஆளை வைத்து இதில் எது முதலில், எது தள்ளிப் போகலாம்?" என்று கேளுங்கள். "முடியாது" என்று சொல்வதைவிட இது எளிது, பதில் எழுத்தில் வந்தால் உங்களுக்குப் பாதுகாப்பும்கூட. பயோடேட்டாவைப் புதுப்பித்து வையுங்கள். வேலை போனால் எத்தனை மாதம் தாங்கும், கடன் தவணையை மாற்றியமைக்க வங்கியில் என்ன வழி என்று மனைவியோடு சேர்ந்து ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். தாளில் வந்த எண் எவ்வளவு மோசமாக இருந்தாலும், மூன்று மணி இருட்டில் மனம் போடும் கணக்கைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். அநேகமாக.

மூச்சுப் பயிற்சியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதனிடம் நீங்கள் எதிர்பார்த்ததுதான் அதிகம். மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றே கூடும், விடும்போது குறையும். எனவே விடும் நேரத்தை நீட்டினால் உடம்பு அந்த நிமிடத்துக்கு அமைதியாகும். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். மீட்டிங்குக்கு முன்னால், வீட்டு வாசலில், மூன்று மணி முழிப்பில் பயன்படும். அது ஆட்குறைப்பையும் நிறுத்தாது, அம்மாவையும் பார்த்துக்கொள்ளாது. ஆப் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. நடைப்பயிற்சிக்கு இன்னும் கூடுதல் பலன் உண்டு. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மகனையும் கூட்டிக்கொண்டு நடங்கள். நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டால் சொல்லாத பிள்ளைகள், பக்கத்தில் நடந்துகொண்டே போகும்போது சொல்லிவிடுவார்கள்.

எப்போது எங்களைப் போன்ற ஆலோசகர்களிடம் வர வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தே இருந்தால், முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போனால், மதுவைக் குறைக்க முயன்றும் முடியாவிட்டால், மகனுடைய வலி மாதக் கணக்கில் நீடித்தால். "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரி எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரையோ உங்கள் பகுதியில் இருக்கும் மனநல உதவி எண்ணையோ அழையுங்கள். இந்த அளவுகோல் உங்கள் மனைவிக்கும் பொருந்தும். பராமரிப்பவர்களிடம் மனச்சோர்வு சத்தமில்லாமல் வரும், அவர்கள் அதைக் களைப்பு என்றே சொல்லிக்கொள்வார்கள். ஆலோசகரிடம் போவதானால் முதல் தடவை இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். அன்று அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாட்டை நீங்கள் செய்யுங்கள்.